சார்டினியாவின் சாக்கடை

டைஃபாய்டில் படுத்திருந்த ஒரு வாரமும் எனக்கு செஃப்ட்ரியாக்சோன்தான் ஏற்றினார்கள். முதல் நாள் சிஸ்டர் முன்கையில் ஒரு துளி மருந்தைக் குத்திவிட்டு, "பென்சிலின் ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டார். போடுவது ஒரு மருந்து, கேட்பது வேறொரு மருந்தைப் பற்றி. ஏன் என்று தேடப் போய் சார்டினியாத் தீவில் போய் நின்றேன்.

1945. அங்கே கால்யாரி நகரில் டைஃபாய்டு அடிக்கடி வரும். நகரத்துச் சாக்கடை சு சிக்கு என்ற இடத்தில் கடலில் கலந்தது. அந்தத் தண்ணீர் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்கிறதே, உள்ளே ஏதோ ஒன்று கிருமியைக் கொல்கிறதோ என்று சந்தேகப்பட்டார் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பேராசிரியர் ஜுசெப்பே புரோட்ஸு. மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துபோகிற இடத்தில் நின்று இப்படி யோசிக்க ஒரு மனசு வேண்டும். அங்கிருந்து செஃபலோஸ்போரியம் என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதன் சாறு டைஃபாய்டு கிருமியை வளரவிடவில்லை. அரைகுறையாகச் சுத்தம் செய்த அந்தச் சாற்றையே நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

கையில் காசில்லை, கம்பெனிகளும் திரும்பிப் பார்க்கவில்லை. 1948இல் உள்ளூர் வெளியீடு ஒன்றில் எழுதினார். தெரிந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் வழியாகப் பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியிடம் போய்ச் சேர்ந்தது.

அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், புரோட்ஸுவின் சாற்றில் டைஃபாய்டை அடக்கியது பெரும்பாலும் ஒருவகைப் பென்சிலின்தான். அதற்குள் கலப்படம் மாதிரி கொஞ்சூண்டு ஒளிந்திருந்ததை 1953இல் கண்டுபிடித்தார்கள்: செஃபலோஸ்போரின் சி. வீரியம் குறைவு. ஆனால் பென்சிலினை உடைத்துப்போடும் நொதியால் இதை உடைக்க முடியவில்லை. அதன் கருவை வைத்துக்கொண்டு பக்கச்சங்கிலிகளை மட்டும் மாற்றி மாற்றிச் செய்தவைதான் இன்றைய செஃபலெக்சின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம்.

சிஸ்டரின் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருப்பது பீட்டா-லாக்டம் வளையம். பென்சிலின் ஒவ்வாதவர்களில் பத்து சதவீதம் பேருக்கு இதுவும் ஒவ்வாது என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆரம்பகாலச் சரக்கில் பென்சிலின் கலந்திருந்ததும் அந்தக் கணக்கு ஊதிப்போனதற்கு ஒரு காரணம். உண்மையில் ஆபத்து அதைவிட ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பக்கச்சங்கிலி ஒத்துப்போவதைப் பொறுத்தது. அதற்காகக் கேட்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. இன்னொரு விஷயத்தில் சலுகையே கிடையாது: பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு நரம்பு வழியாகக் கால்சியம் போகிறதென்றால் செஃப்ட்ரியாக்சோன் கொடுக்கக் கூடாது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் உப்பாகப் படிந்து பச்சைக் குழந்தைகள் இறந்திருக்கின்றன.

2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத் நகரில், செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. வேறொரு பாக்டீரியாவிடமிருந்து ஒரு பிளாஸ்மிட் அதற்கு வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்த மரபணு, ஆபிரகாம் நம்பிய அந்த உடையாத வளையத்தையும் உடைக்கிற நொதியைச் செய்யும். வாய்வழி கொடுக்க அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, அவை சாக்கடைக் குழாய்களை ஒட்டித் திரண்டிருந்தன.