பட்டமும் சுதந்தரமும்: கொல்லிமலை வரலாற்றில் ஒரு பக்கம்

1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சேந்தமங்கலத்தில் ஓர் எளிய திருமணம் நடைபெற்றது. மணமகன் ஜெசி மான் பிராண்டு, கில்டுபோர்டு நகரத்தில் கட்டடத் தொழில் பயின்றவர். மணமகள் இவெலின் ஹாரிஸ், இலண்டனில் செல்வமிக்க வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். மணம் முடித்த கையோடு இருவரும் கொல்லிமலை ஏறினர். இன்று எழுபது கொண்டைஊசி வளைவுகளுடன் செல்லும் சாலை அன்று இல்லை. காட்டுப் பாதையும் மலைக் காய்ச்சலுமே இருந்தன. அவ்வாண்டில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் பென்ட்லண்டு பிரபு. ஜான் சின்கிளேர் என்னும் இயற்பெயருடைய அவருக்கு 1909-இல் பரம்பரைப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டிருந்தது. ஆளுநரையும் மலையேறிய தம்பதியரையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசுவது பொருத்தமோ என்று வாசகர் ஐயுறலாம். ‘வாரிசு’ என்னும் சொல்லின் பொருளை ஆராயப் புகுந்தபோது இவர்களைப் பிரித்துப் பார்க்க நம்மால் இயலவில்லை.

ஆங்கிலேயரின் பரம்பரைப் பட்டம் எவ்வாறு இயங்கிற்று என்பதை முதற்கண் அறிதல் நலம். அரசர் ஒரு சாசனம் வழங்குவார். பட்டம் யாருக்கு, அவருக்குப்பின் யாருக்கு என்பதை அச்சாசனமே வரையறுக்கும். பெரும்பாலான சாசனங்கள் பட்டம் பெற்றவரின் உடலிற் பிறந்த ஆண் வழியினருக்கே அதனை உரித்தாக்கின. மூத்த மகன் பெறுவான், மகள் பெறாள். சுவிகாரப் பிள்ளைக்கும் இடமில்லை. ஆண் வழி அற்றால் பட்டமும் அற்றுப்போகும். பிரபுக்களுக்கு அடுத்த நிலையில் உள்ள பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டத்தை முதலாம் ஜேம்ஸ் அரசர் 1611-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். அல்ஸ்டர் நாட்டில் முப்பது போர்வீரரை மூன்றாண்டுகள் பேணுவதற்குரிய 1,095 பவுனை அதற்கு விலையாகப் பெற்றார். அவர் பெயரால் வழங்கும் ஆங்கில வேதாகமம் வெளிவந்ததும் அதே 1611-ஆம் ஆண்டில்தான் என்பது நம் மாணவர்க்கு நினைவிருக்கும். சுதந்தரவாளிகளைப் பற்றிய திருமொழிகளை அச்சிற்கு ஏற்றிய அரசரே பரம்பரை உரிமைக்கு விலையும் குறித்தார்!

இம்முறை இந்தியாவிற்கும் வந்தது. பம்பாயின் பார்சி வணிகரும் கொடையாளருமான ஜம்சேட்ஜி ஜீஜீபாய் 1857-இல் பாரனெட் ஆனார். அவருக்குப்பின் பட்டத்திற்கு வருவோர் யாவரும் தம் சொந்தப் பெயரை விடுத்து ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்னும் பெயரையே ஏற்கவேண்டும் எனச் சட்டம் செய்யப்பட்டது. வாரிசுக்குப் பட்டம் கிடைத்தது, பெயர் போயிற்று. 1919-இல் வங்காளத்தின் சத்தியேந்திர பிரசன்ன சின்கா பரம்பரைப் பிரபுவானார். இந்தியர் வேறெவருக்கும் அப்பேறு கிட்டவில்லை. தமிழ்நாட்டில் அண்ணாமலைச் செட்டியாருக்குச் செட்டிநாட்டு ராஜா என்னும் பரம்பரைப் பட்டம் 1929-இல் அளிக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, அரசு இத்தகைய பட்டங்களை வழங்குவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

கொல்லிமலைக்கும் பரம்பரைத் தலைமை புதிதன்று. வல்வில் ஓரியைக் காரி கொன்று மலையைச் சேரனுக்கு அளித்த செய்தியைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். பிற்காலத்தில் இம்மலை, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டது. மலையாளிகள் என வழங்கப்படும் இம்மலைவாழ் மக்களிடையே நாட்டுத் தலைமையும் ஊர்த் தலைமையும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. ஆகவே, தம்மிடம் வந்த வெள்ளையரை ‘துரை’ என்று மலைமக்கள் அழைத்தபோது, அவரையும் ஏதோ ஒரு பரம்பரைக்கு உரியவராகவே கருதியிருப்பர் என எண்ண இடமுண்டு.

ஆனால் இந்தத் துரைக்குப் பரம்பரை ஏதுமில்லை. இங்கிலாந்தில் பிராண்டு என்னும் குடிப்பெயருடைய பிரபுக் குடும்பம் ஒன்று உண்டு. 1872 முதல் 1884 வரை மக்களவைத் தலைவராயிருந்த ஹென்றி பிராண்டு, ஹாம்ப்டன் வைகவுண்ட் ஆனார். கொல்லிமலையின் பிராண்டோ அச்சிறப்புக்கு உரிமை கொண்டாடியவரல்லர். அவர் கையில் இருந்தவை கொத்தனின் கரண்டியும், தச்சனின் உளியும், சிறிது மருத்துவப் பயிற்சியுமே. நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளியின் காலிலிருந்து அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தார். அந்நோய் பரவாதபடி நல்ல கிணறுகள் அமைக்கவும் உழைத்தார். பள்ளிகள் தோன்றின. ஆயினும் பல ஆண்டுகள் ஒருவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை.

இங்குதான் நம் கருத்தை ஈர்க்கும் நிகழ்ச்சி வருகிறது. 1918–19-இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலையையும் தாக்கியது. அச்சத்தினால் உறவினரே நோயாளிகளைக் கைவிட்டனர். பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு சென்றனர். அதுவரை அவர்களை முனைந்து எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் அந்நோய்க்கு இரையாயினர். இறக்குமுன் அப்பூசாரி தம் பெண் குழந்தையை அத்தம்பதியரிடமே ஒப்படைத்தார். அவர்கள் அக்குழந்தையைத் தம் மகளாகவே வளர்த்தனர். அதன் பின்னரே திருச்சபை மலையில் வேர்கொண்டது.

ரோமர் 8-ஆம் அதிகாரத்திலும் கலாத்தியர் 4-ஆம் அதிகாரத்திலும் பவுலடியார் பேசும் புத்திரசுவிகாரம் இதுவன்றோ? நமது தமிழ் வேதாகமத்தில் ‘சுதந்தரம்’ என்பது விடுதலையை அன்று, உரிமைப்பேற்றையே குறிப்பதாகும். அரச சாசனம் மகளையும் சுவிகாரப் பிள்ளையையும் விலக்கிற்று. மலையின் முதல் சுதந்தரவாளியோ மகளாகவும் சுவிகாரப் பிள்ளையாகவும் ஒருங்கே அமைந்தாள்.

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெசி பிராண்டு காய்ச்சலால் மரித்து மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த மகன் பவுலுக்கு அப்போது வயது பதினைந்து நிறையவில்லை. தந்தையின் ஊழியத்தைத் தொடர்ந்தவர் யார்? மூத்த மகன் அல்லர்; விதவையே. முதுமையைக் கருதி அவரை மீண்டும் அனுப்ப மிஷன் சங்கம் தயங்கிற்று. அவரோ ஏறத்தாழ எழுபதாம் வயதில், சங்கப் பணியிலிருந்து விடுபட்டு, தம் பொறுப்பிலேயே மலைகளுக்குத் திரும்பினார். கல்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றிலும் சுற்றித் திரிந்தார். இடுப்பெலும்பு முறிந்த பின்னரும் மூங்கிற் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரை மீதேறியும் ஊழியம் செய்தார். 1974 டிசம்பரில் தமது 95-ஆம் வயதில் அவர் மரித்தார்.

மகன் டாக்டர் பவுல் பிராண்டு 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றார். 1961-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஸி.பி.ஈ. என்னும் சிறப்பை அளித்தது. அது வாழ்நாட் சிறப்பே, மகனுக்குச் செல்லாது. 2003-இல் அவருடன் அது முடிந்தது.

பட்டம் உடையோர் யாவரும் ஊழியத்திற்குப் புறம்பானவர் என்று நாம் கூறவரவில்லை. 1885-இல் சீனா சென்ற கேம்பிரிட்ஜ் எழுவரில் ஒருவராகிய மாண்டேகு பீச்சம், தம் தமையன் 1915-இல் கலிப்போலிப் போரில் மாண்டதால் பாரனெட் ஆனார்; எனினும் சீனாவிலேயே 1939-இல் உயிர் நீத்தார்.

நம் குறையையும் மறைத்தல் ஆகாது. பிராண்டு குடும்பத்தாரின் பெயர்களை நன்கறிந்த நாம், அவர்களோடு மலையேறிய தமிழ் உபதேசியார்களின் பெயர்களையும், சுமை தூக்கியவர்களின் பெயர்களையும் எழுதி வைக்கவில்லை. மிஷனெரிகளை ஒரு பிரபு வம்சமாக்கி, பாட்டன், மகன், பேரன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் சேகரங்கள் சிலவற்றில் சபைப் பதவிகள் குடும்பச் சொத்தைப்போல் கைமாறுவதையும் காண்கிறோம். சாசனம் எதுவும் இல்லாமலே ஆண் வழி உரிமை நம்மிடையே செவ்வனே நடைபெறுகிறது!

1919-இல் பென்ட்லண்டு பிரபுவின் பின் ஆளுநரான வெலிங்டன் பிரபு, வைகவுண்ட், ஏர்ல், மார்க்குவிஸ் என மும்முறை உயர்ந்தார். அவர் மகன் வாரிசின்றி 1979-இல் இறக்கவே அப்பட்டங்கள் மறைந்தன. பென்ட்லண்டு பட்டம் அவருடைய மகனோடு 1984-இல் அற்றது. பட்டம் எஞ்சியவர்களிலும் பெரும்பாலோர் 1999-இல் பிரபுக்கள் சபையில் அமரும் உரிமையை இழந்தனர். வாழவந்தியில் ஜெசி பிராண்டின் கல்லறைக்கு அருகிலேயே இவெலின் அம்மையாரின் கல்லறையும் உள்ளது.