காணாமல் போன 'இ'

அம்மா சொன்ன சமையல் குறிப்புகளையும் பழங்கதைகளையும் 2000-ஆம் வருஷம் மயிலாப்பூர் வீட்டுக் கணினியில் தட்டி வைத்திருந்தேன். போன மாதம் பேரன் அந்தக் குறுந்தகட்டைத் திறந்தால் தமிழே இல்லை. தொப்பி வைத்த 'ஓ', கோடு போட்ட 'ஏ' என்று வரிசையாக நின்றன. "தாத்தா, இது உங்க பிரெஞ்சா?" என்றான். எழுத்தெல்லாம் நான் பள்ளியில் படித்தவைதான், ஒரு சொல்லும் பிரெஞ்சு இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு பைட்டில் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மீதியில் மேல்நாட்டார் தங்கள் எழுத்துகளை வைத்திருந்தார்கள். நாம் அதே நாற்காலிகளில் தமிழை உட்காரவைத்தோம். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தன் இஷ்டப்படி. ஒரே பதிவேட்டை மூன்று பிரிவில் மூன்று மாதிரி கட்டி வைப்பதை ஆபீசில் பார்த்தவனுக்கு இது புதிதல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன்பின் டாம், டாப் என்ற இரண்டு முறைகளை அரசு ஏற்றது. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கியது திஸ்கி. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பின்னர் இதிலும் வந்தன. என் கோப்பும் திஸ்கி.

பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டோம், தமிழ் வந்தது. ஆனால் இட்லி 'ட்லி', இஞ்சி 'ஞ்சி'. கோப்பு முழுக்க 'இ' மட்டும் இல்லை. அம்மா இலை போட்டது, இரவல் வாங்கியது எல்லாம் தலையில்லாமல் கிடந்தன.

பேரன் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தான். அது எழுத்தைக் காட்டாது. ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் என்ற பதினாறு குறிகளில் இரண்டிரண்டாகக் காட்டும். 'தமிழ்' என்பது அதில் பிஇ, சி1, ஏ2, எஃப்ஏ. எந்த எண் எந்த எழுத்து என்று நாமே பட்டியல் எழுதிக் கொடுத்தால், பக்கத்திலேயே தமிழும் வரும். திஸ்கிப் பட்டியலை நான் வாசிக்க, அவன் தட்டினான்.

'ட்லி'க்கு முன்னால் ஏடி என்ற பைட் பத்திரமாக உட்கார்ந்திருந்தது! ஆரம்பத் திஸ்கியில் 'இ'யின் இடம் அது. மேல்நாட்டு வரிசையிலோ, வரி மடியும்போது மட்டும் தெரிகிற இணைப்புக்கோட்டின் இடம். அதனால் பல மென்பொருள்கள் அதைக் காட்டாமலே விட்டன. பிறகு வந்த திஸ்கி 1.7-இல் 'இ'யை எஃப்இ-க்கு மாற்றினார்கள். ஏடி எல்லாவற்றையும் எஃப்இ ஆக்கினோம். கோப்பின் நீளம் ஒரு பைட்கூட மாறவில்லை.

அடுத்து யூனிகோடு. அதில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் வேண்டும், திஸ்கியில் நாலே. கொம்பு வேறு தகராறு: திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முன்னால் நிற்கும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் போக வேண்டும். அதை மாற்றுவதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிவிட்டது.

சாயங்காலம் பேரன் அச்செடுத்துக் கொடுத்தான். முதல் பக்கம், இஞ்சித் துவையல்.