தாமதமாகத் தர வேண்டிய விருது

போட்ட அன்றைக்கு எல்லாத் தார்ச்சாலையும் நல்ல சாலைதான். ரோலர் உருண்டு போனபின் கருகருவென்று கிடக்கும் மேற்பரப்பைப் பார்த்து, உள்ளே ஜல்லியும் தாரும் எவ்வளவு பிடிப்போடு இருக்கின்றன என்று தேர்ந்த பொறியாளராலும் கண்ணால் சொல்லிவிட முடியாது. இரண்டு மூன்று மழைக்காலம் கடந்தால்தான் வேலையின் யோக்கியதை வெளியே வரும். ஆகவே, சாலைத் துறையில் புதுமைக்கோ வாழ்நாள் பணிக்கோ தரும் விருது தாமதமாகவே தரப்பட வேண்டும். அதற்குச் சான்று பரிந்துரைக் கடிதமல்ல, சாலைதான். இதைப் பேசத் திருவனந்தபுரம் பொருத்தமான ஊர். இடவப்பாதி, துலாவர்ஷம் என இரு பருவமழையையும் வாங்கி, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை காணும் நகரம் இது. போக்குவரத்து ஆய்வுக்காக 1976இல் தொடங்கிய நாட்பாக் நிறுவனம் இருப்பதும் இங்கேதான்.

இந்த அளவுகோலுக்கு நின்று காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். தாரோடு பிளாஸ்டிக்கைச் சேர்ப்பது பழைய யோசனை. உருகிய தாரில் அது சீராகக் கலக்காமல் பிரிந்துவிடும் தொல்லையும் பழையதே. அவர் பிளாஸ்டிக்கைத் தாரில் போடவில்லை, கல்லின் மேல் போட்டார். 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய ஜல்லியில், பொடிப்பொடியாக நறுக்கிய பாலிதீன் பைத் துணுக்குகளைத் தூவினால், ஒரு நிமிடம் ஆவதற்குள் அவை உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாக மூடிக்கொள்ளும். கல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதன் பிறகுதான் தார். பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சு வாயுவை விடும். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போட வேண்டிய சுமார் 10 டன் தாரில், ஒரு டன்னின் இடத்தைப் பிளாஸ்டிக் எடுத்துக்கொள்கிறது. புதிய இயந்திரம் வேண்டாம், இருக்கிற ஹாட் மிக்ஸ் பிளாண்டே போதும். ஒப்பந்தக்காரரின் பழைய ஆலையில், அதே ஆட்களின் கையால் செய்ய முடிந்ததுதான் இந்தக் கண்டுபிடிப்பின் பாதிப் பெருமை என்பேன்.

மழை நாட்டுக்கு இது ஏன் முக்கியம்? சிலிக்கா மிகுந்த கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல் நாட்டம் அதிகம். நீர் உள்ளே இறங்கினால் கல்லுக்கும் தாருக்கும் இடையே புகுந்து தாரை உரித்துவிடும். மேலே பேருந்துச் சக்கரம் ஏறி இறங்க, ஜல்லி பெயர்ந்து குழி விழும். பிளாஸ்டிக் படலம் கல்லின் நுண்துளைகளை அடைத்து, நீர் புகும் அந்த இடைவெளியையே மூடுகிறது. 2002இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈரோட்டிலும் மதுரையிலும் இம்முறையில் போட்ட சாலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்து, 2008இல் அறிக்கை வெளியிட்டது: குழியில்லை, ஜல்லி பெயரவில்லை, ஓரம் உடையவில்லை. 2013இல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கு நெறிமுறை வகுத்தது. பத்மஸ்ரீ வந்தது 2018இல். முதல் சாலைக்கும் விருதுக்கும் இடையே 16 ஆண்டு. அந்த இடைவெளியைப் புறக்கணிப்பு என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அது சோதனைக் காலமாகவே படுகிறது.

கேரளச் சாலைகள் கெடுவது வடிகாலும் வேலைச் சுத்தமும் இல்லாமையால்தான், புதுப் பொருளால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பாதி நியாயம். ஓடையில் போக வேண்டிய நீர் சாலையில் தேங்கினால் எந்தப் படலமும் காக்காது. வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததால் வேலை மறுக்கப்பட்ட தொழிலாளர்கள் வடகரை அருகே 1925இல் தொடங்கிய, சாலை போடும் ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கம், வேலைச் சுத்தத்தாலேயே நூறாண்டு கடந்து நிற்கிறது. வாழ்நாள் சாதனை என்பதை ஒரு தனிமனிதரோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கும் அதுவே சாட்சி. ஆனால் கைத்திறன் இருக்கும் இடத்தில்தான் புதுமையும் பலிக்கும். ஈரக் கல்லில், சூடு பாராமல் தூவினால் வாசுதேவன் முறையும் தோற்கும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: தேயும் சாலையிலிருந்து நுண்பிளாஸ்டிக் கிள்ளியாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் போகாதா? தாருக்குள் பிணைந்த படலம் சும்மா உதிர்வதில்லை. ஆனால் பராமரிப்பில்லாமல் பெயர்ந்த சாலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எனவே அளந்து பார்க்கும் பொறுப்பையும் சாலை போடுபவர்மேல் வைக்க வேண்டும். அதற்காக, 2011இல் விளப்பில்சாலை குப்பை ஆலை மூடியபின் குப்பைக்கு வழி தேடித் தவித்த இந்த நகரம், கிடைத்த ஒரு வழியை விட்டுவிடத் தேவையில்லை. வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக்கை வாங்கிப் பிரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் பி.வி.சி.யையும் அழுக்கையும் ஒதுக்காவிட்டால் நறுக்க நல்ல சரக்கே இராது. விருதுப் பட்டியல்களில் அவர்கள் பெயர் வராதது நம் கணக்கின் குறை.

2021இல் கேரளப் பொதுப்பணித் துறை, குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தையும் ஒப்பந்தக்காரர், பொறியாளரின் தொடர்பு எண்களையும் சாலையோரப் பலகையில் எழுதி வைக்கத் தொடங்கியது. விருதுக் குழுவினர் அந்தப் பலகைகளிலிருந்தே தங்கள் பட்டியலைத் தொடங்கலாம்: பொறுப்புக் காலம் முடிந்து ஐந்து மழைக்காலம் கழித்து அதே சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு பொன்னாடை வாங்கட்டும்.