முயலுக்கு மருந்து கொடுப்பது எப்படி?

வல்லக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் வீட்டில் முயல் வளர்ப்போர், ஆட்டுக்கு வாங்கிய மருந்தையோ வீட்டில் மீதமிருக்கும் மாத்திரையையோ முயலுக்குக் கொடுக்கக் கூடாது. முயலின் செரிமானம் பெருங்குடலை ஒட்டிய குடல்வாலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை நம்பியே நடக்கிறது. தவறான மருந்து அவற்றை அழித்துவிட்டால் கழிச்சல் ஏற்பட்டு, ஓரிரு நாளில் முயல் இறக்கவும் கூடும்.

வாய்வழியாகக் கொடுக்கக் கூடாதவை

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், லிங்கோமைசின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின். கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றுக்கும் இவை ஆபத்தானவை. நாய்களுக்கு உண்ணி நீக்க அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தை முயல் மேல் தெளிக்கவே கூடாது.

சொறி நோய்க்கு ஊசி

காதோரம், மூக்கு, கால் விரல்களில் வெள்ளைப் பொருக்கு தோன்றினால் சொறியாக இருக்கலாம். இதற்கு ஐவர்மெக்டின் ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள். கிலோவுக்கு 0.2 மி.கி. என்று மருத்துவர் சொன்னால், 1 சதவீத மருந்தில் 2 கிலோ முயலுக்கு 0.04 மி.லி. மட்டுமே. இதை அளக்க இன்சுலின் சிரிஞ்சு தேவை. 100 அலகு சிரிஞ்சில் இது 4 அலகு. 40 அலகு சிரிஞ்சில் 4 அலகு எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து சேர்ந்துவிடும். எனவே முயலை எடை போட்டு, சிரிஞ்சைப் பார்த்து வாங்குங்கள். சொறி மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை அவசியம்.

வாய்வழி மருந்து

முயலைத் துண்டில் சுற்றி, பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்கவும். உதைத்தால் முதுகெலும்பு முறியலாம். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஊசி நீக்கிய சிரிஞ்சை முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, சிறிது சிறிதாக விடவும். வேகமாக விட்டால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். குடிநீரில் கலப்பதும் நம்பகமல்ல. நோயுற்ற முயல் குறைவாகவே குடிக்கும்.

உடனே மருத்துவரிடம்

அரை நாளுக்கு மேல் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். வளர்ப்பு ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. இறைச்சிக்கு வளர்ப்போர், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.