ஒரு வாளும் ஒரு சொல்லும்

அரசர்கள் வாளைப் பரிசாக வழங்குவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். வெற்றி கொண்ட தளபதிக்கும் துணை நின்ற சிற்றரசனுக்கும் பொன்னும் மணியும் இழைத்த வாளை அளித்துச் சிறப்பிப்பர். ஆனால் ஒரு மன்னர் ஒரு நகரத்தின் சாதாரண மக்களுக்கு வாள் வழங்கிய செய்தி வரலாற்றில் அரிது. 1943-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் நகர மக்களுக்கு அளித்த வாள் அத்தகையது.

வால்கா நதிக்கரையிலுள்ள அந்நகரை 1942 ஆகஸ்டில் ஜெர்மானியப் படைகள் தாக்கின. தெருத்தெருவாக, வீடுவீடாகப் போர் நடந்தது. நகரைக் கைப்பற்ற வந்த படையே இறுதியில் சுற்றி வளைக்கப்பட்டு, 1943 பிப்ரவரி 2-ஆம் நாள் முற்றிலும் சரணடைந்தது. உலகப் போரின் போக்கே அங்கு மாறியது எனலாம்.

அவ்வீரத்தைப் போற்றவே இவ்வாள் உருவாயிற்று. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 4 அடி. கைப்பிடியைப் பொற்கம்பி சுற்றியிருக்கிறது. பிடியின் முனையில் படிகக் கல் ஒளிர்கிறது. குறுக்குக் கட்டையின் இரு நுனிகளிலும் சிறுத்தைத் தலைகள் உள்ளன. உறை செந்நிறத் தோலால் ஆனது. 80 வயதைக் கடந்த டாம் பீஸ்லி என்னும் முதிய கொல்லரும் இதில் உழைத்தார். அனுப்புமுன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைக்கப்பட்டபோது, மக்கள் நீண்ட வரிசையில் நின்று கண்டனர். 1943 நவம்பர் 29-ஆம் நாள் டெஹ்ரானில், ரூஸ்வெல்ட் முன்னிலையில், சர்ச்சில் அதை ஸ்டாலினிடம் அளித்தார். ஸ்டாலின் அதை முத்தமிட்டு ஏற்றார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் பொன்னையும் படிகத்தையும்விட மிகுதியாகக் கவர்வது, வாளின் அலகில் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் பொறித்துள்ள வாசகமே. ஆங்கிலம் அம்மக்களை ‘எஃகு நெஞ்சினர்’ என்கிறது. ரஷ்யமோ ‘எஃகைப் போல் உறுதியானவர்’ என்கிறது. பிரிட்டிஷ் மக்கள் செலுத்துவதாக ஆங்கிலம் குறிப்பிடும் ‘ஹோமேஜ்’ என்னும் சொல், முற்காலத்தில் சிற்றரசன் தன் தலைவனுக்குச் செய்த பணிவைக் குறித்தது. ரஷ்யத்தில் அது ‘ஆழ்ந்த வியப்பு’ என்றாகிவிட்டது. பணிவு வியப்பாக மாறினாலும், இரு மொழிகளிலும் பொருள் மாறாது நின்ற சொல் ஒன்றுண்டு. அதுவே ‘குடிமக்கள்’.

அச்சொல்லில் நாம் சற்றுத் தயங்கி நிற்கிறோம். அன்று ஆறாம் ஜார்ஜ் இந்தியாவின் சக்கரவர்த்தியும் ஆவார். 1942 ஆகஸ்டில் சிறைப்பட்ட நம் தலைவர்கள், வாள் உருவான நாட்களில் சிறையிலேயே இருந்தனர். அதே 1943-இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வேற்று நாட்டு நகரத்தாரைக் குடிமக்கள் என்று போற்றிய மன்னருக்கு நாம் வெறும் பிரஜைகளே. அவ்வாளைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்டாலின்கிராட் மக்கள் அதற்கும் மேலான சிறப்புக்குத் தகுதியுடையவர்களே. ஒரு சொல்லின் மதிப்பு, அது மறுக்கப்பட்டவர்க்கே நன்கு விளங்கும் அன்றோ?

1950 ஜனவரி 26 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு அச்சொல்லை நமக்கும் உரியதாக்கியது. எந்த மாநிலத்தில் பிறந்து எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நமக்குக் குடியுரிமை ஒன்றே.

ஸ்டாலின்கிராட் 1961-இல் வால்கோகிராட் ஆயிற்று. அந்நகரின் போர் அருங்காட்சியகத்திற்கு உரிய அவ்வாளில் பழைய பெயர் இன்றும் உள்ளது. ஊரின் பெயர் மாறலாம். குடிமக்கள் என்னும் சொல் மாறவேண்டியதில்லை.