‘மூவர் கைது’: செய்தியும் செயப்பாட்டு வினையும்

ஆங்கிலச் செயப்பாட்டு வினையைப் பள்ளிகள் நெடுங்காலமாக ஒரு கணக்குப் போலவே கற்பித்தன. 1930களில் வெளிவந்து இந்தியா முழுதும் பரவிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தின் வழியில், எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறும். ‘பை’ என்ற சொல்லோடு செய்தவர் கடைசியில் வந்து நிற்பார். ஆனால் அந்த வினை இயல்பாகப் புழங்கும் இடம் நாளிதழின் துணுக்குச் செய்தி. அங்கே செய்தவர் பெரும்பாலும் வருவதே இல்லை. திருடன் யாரென்று தெரியாது. கைது செய்வது போலீஸ் என்பதைச் சொல்லவே வேண்டாம். ‘த்ரீ அரெஸ்டட்’ என்ற தலைப்பில் ‘வேர்’ என்ற துணைவினைகூட உதிர்ந்துவிடும். மூவர் யாரையோ கைது செய்தார்கள் என்று மாணவர் தடுமாறுவது இங்கேதான். இதை முழு வாக்கியமாக விரித்தெழுதுவது, பத்து வாக்கியங்களைத் திருப்பிப் போடுவதைவிட நல்ல பயிற்சி.

செய்தி நடையே தமிழில் செயப்பாட்டு வினையைப் பெருக்கிக் கெடுத்தது என்பார்கள். பாதி உண்மை. 1904-இல் ‘சுதேசமித்திர’னில் சேர்ந்த பாரதி செய்தது பெரிதும் ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை, அந்த வழியாக ‘பட்டது’ பெருகியிருக்கலாம். ஆனால் ‘எனப்படுவது’ திருக்குறளிலேயே உண்டு. உரையாசிரியர்கள் காட்டும் ‘திண்ணை மெழுகிற்று’ என்பதில் ‘படு’ இல்லாமலே மெழுகியவர் மறைந்துவிடுகிறார். ‘மூவர் கைது’ என்று தினமும் படிக்கும் தமிழ் மாணவருக்கு, ஆங்கிலத் தலைப்பின் சூட்சுமம் புதிதல்ல. அதை நினைவூட்டினால் போதும்.