பல் வைத்தியரின் கண்ணாடி

மூக்கு வழியாக இறங்கிய மெல்லிய குழாய் தொண்டையில் போய் நின்றதும், திரையில் என் குரல் தெரிந்தது. ஈரமான இளஞ்சிவப்புக் குகை ஒன்று. அதன் நடுவே, தலைகீழான 'வி' மாதிரி இரண்டு வெள்ளைப் பட்டைகள்.

"'ஈ'ன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் மருத்துவர்.

சொன்னேன். பட்டைகள் நெருங்கி வந்தன, ஆனால் முழுசாக ஒட்டவில்லை. இரண்டின் விளிம்பிலும் நேருக்கு நேராக அரிசி நொய் அளவில் ஒரு புடைப்பு. அந்தப் புடைப்புகள் மட்டும் முட்டிக்கொள்ள, முன்னும் பின்னும் காற்று கசிந்தது. மூன்று மாதமாக என் தொண்டையில் கரகரத்துக்கொண்டிருந்தது அந்தக் கசிவுதான்.

"மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில காய்ப்பு காய்க்கும்ல? இதுவும் அப்படித்தான். கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. ஆனா கத்தக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் ஓய்வு கிடையாது, சொல்லிட்டேன்."

பதினோரு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அறுபது பிள்ளைகள், தலைக்கு மேல் இரண்டு கிழட்டு மின்விசிறி, தட்டிக்கு அந்தப்பக்கம் கணக்கு வகுப்பு. கத்தாமல் பாடம் நடத்துவது எப்படி என்று அவரிடம் கேட்க நினைத்தேன். குரல் வரவில்லை.

மருத்துவ விடுப்பு போட்டு, பேசாமல் இருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியரைப் பற்றிப் படித்தேன். உயிருள்ள மனிதக் குரல் வேலை செய்வதை ஒழுங்காகப் பார்த்து எழுதி வைத்த முதல் ஆள் அவர். மருத்துவர் இல்லை, பாட்டு வாத்தியார்.

1805இல் பிறந்தவர். அப்பா புகழ்பெற்ற ஆபராப் பாடகர், தங்கைகள் மரியா மாலிப்ரானும் பவுலின் வியார்தோவும் ஐரோப்பாவையே கட்டிப்போட்ட குரல்கள். அந்த வீட்டில் இவர் ஒருவருடைய குரல்தான் கெட்டுப்போனது. இருபது வயதில் அப்பாவின் குழுவோடு நியூயார்க்குக்குப் போய், இளம் தொண்டை தாங்காத அளவுக்குப் பாடியதில் போனது என்பார்கள். மேடையை விட்டுவிட்டுப் பாரிஸில் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, குரல்வளையின் அமைப்பைப் படித்தார். பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1848இல் லண்டன் போய் ராயல் அகாடமியில் ஆசிரியரானார். ஆனால் ஓர் ஆசை மட்டும் விடவில்லை. பாடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

1854 செப்டம்பரில், விடுமுறைக்குப் பாரிஸ் வந்தவர் பலே ராயால் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறிப்பதைப் பார்த்ததும், இரண்டு கண்ணாடிகளை வைத்து வெளிச்சத்தை வளைத்துத் தொண்டைக்குள் அனுப்பலாம் என்று பொறி தட்டியது. நேராக ஷரியேர் என்ற கருவிக் கடைக்குப் போனார். நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஏதும் இருக்கிறதா? இருந்தது. பல் வைத்தியருக்காகச் செய்து, 1851 லண்டன் கண்காட்சியில் யாரும் சீந்தாமல் திரும்பி வந்த சரக்கு. விலை 6 பிராங்க். வீட்டுக்கு ஓடி, மூச்சில் ஆவி படியாமல் இருக்க அதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, உள்நாக்கில் ஒட்டி வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் பாய்ச்சினார். தன் குரல்வளை தனக்கே தெரிந்தது.

மறுவருடம் அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. கெட்டுப்போன குரலின் சொந்தக்காரர் செய்த வேலை என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. நல்ல குரல் இருப்பவனுக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

அவருக்கு முன்னாலும் ஆராய்ந்தார்கள். ஆனால் பிணத்திலோ விலங்கிலோதான். இரண்டாம் நூற்றாண்டு ரோமில், காலன் என்ற மருத்துவர் ஊரைக் கூட்டி வைத்து, கதறும் பன்றி ஒன்றின் கழுத்தில் மெல்லிய நரம்பைக் கட்டினார். பன்றி துள்ளிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அந்த நரம்பு விசித்திரமானது. மூளைப் பக்கமிருந்து இறங்கும் நரம்பிலிருந்து மார்புக்குள் பிரிந்து, அங்கே பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. தைராய்டை ஒட்டியே போவதால், அந்த அறுவைச் சிகிச்சையில் இன்றைக்கும் மருத்துவர்கள் பயந்து பயந்து காப்பாற்றுவது இதைத்தான்.

1741இல் பாரிஸில் ஃபெரேன் என்பவர், செத்துப்போன உடல்களின் குரல்வளையில் காற்றை ஊதிச் சத்தம் வரவழைத்தார். வயலின் தந்தி மாதிரி இருக்கிறது, காற்றுதான் வில் என்று முடிவு கட்டி, 'குரல் தந்திகள்' என்று பேர் வைத்தார். நாமும் அதை வாங்கி 'குரல்நாண்' ஆக்கிக்கொண்டோம். உண்மையில் அது நாணும் இல்லை, தந்தியும் இல்லை. ஓரத்தில் இளகின சவ்வும் உள்ளே தசையும் உள்ள இரண்டு மடிப்புகள். மூடியிருக்கும் மடிப்பை நுரையீரல் காற்று கீழிருந்து தள்ளித் திறக்கிறது. காற்று பாய்ந்ததும் அழுத்தம் குறைய, மடிப்பு தன் இழுவையாலேயே மறுபடி மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் நரம்பு தனித்தனியாக உத்தரவு போடுகிறது என்று 1950இல்கூட ஒரு பிரெஞ்சுக்காரர் வாதாடினார். காற்றும் இழுவையும் போதும் என்று 1958இல் வான் டென் பெர்க் எழுதியது நிலைத்தது. மடிப்பிலிருந்து எழுவது வெறும் ரீங்காரம்தான். அதைத் தொண்டையும் வாயும் நாக்கும் சேர்ந்துதான் 'அ' ஆக்குகின்றன, 'ழ' ஆக்குகின்றன.

பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது இந்தத் திறந்து மூடல் நொடிக்கு 200 முறை போல நடக்கிறது. 45 நிமிட வகுப்பில் பாதி நேரம் மட்டும் என் குரல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 2,70,000 மோதல். ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு. காய்ப்பு காய்க்காமல் என்ன செய்யும்?

கண்ணாடி வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1887இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்குக்குக் குரல் கம்மியது. புற்றுநோய் என்று சந்தேகித்த ஜெர்மன் மருத்துவர்கள் கத்தி வைக்கத் தயாரானார்கள். லண்டனிலிருந்து வந்த மொரெல் மெக்கன்சி, கார்சியாவின் கண்ணாடியை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த செர்மாக்கிடமே பாடம் கற்றவர். அவர் துண்டெடுத்து அனுப்ப, ஃபிர்ஷோ அதில் புற்று தெரியவில்லை என்று சொல்ல, அறுவை கைவிடப்பட்டது. ஆனால் இருந்தது புற்றுதான். 1888 மார்ச்சில் அரியணை ஏறியபோது ஃபிரெடெரிக்கின் கழுத்தில் மூச்சுக்கு ஓட்டை, வாயில் பேச்சில்லை. 99 நாள் ஆண்டார், எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்காட்டித்தான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் போய்ப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். நான் மூன்று மாதம் கழித்துப் போனவள்.

நம் பக்கம் குரல் உடைந்ததற்கு ஒரு தனி வார்த்தையே உண்டு. மகரக்கட்டு. பையன்களுக்குக் குரல்வளை திடீரென்று வளர்ந்து, மடிப்பு நீண்டு தடித்து, குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் பருவம். எல்லா ஊரிலும் இது வயசுக்கு வருவதன் அடையாளம். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மட்டும் அது வேலைநீக்க உத்தரவு. சங்கரதாஸ் சுவாமிகள் பையன்களை வைத்து 1918இல் மதுரையில் ஆரம்பித்த சபாவில் தொடங்கி, மைக் இல்லாத மேடையில் விடிய விடியப் பாடும் சிறுவர்களை நம்பித்தான் அந்தக் கம்பெனிகள் பிழைத்தன. பி.யு. சின்னப்பாவே மகரக்கட்டில் மாட்டி, கம்பெனியை விட்டு ஊர் திரும்பியவர்தான். அவர் சாதகம் செய்து மீண்டார்.

என் தாத்தா மீளவில்லை. ஏதோ ஒரு கம்பெனியில் வள்ளி வேஷம் கட்டியவரைப் பதினாலு வயதில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. மீசை வைத்த ஆளிடமிருந்து மெல்லிய பெண் குரல் வந்தது. ஊர் சிரித்தது. அதனால் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கோழியை விரட்டக்கூடக் கையைத்தான் தட்டுவார். எங்களிடம் அவர் பேசிய வாக்கியங்களை இப்போதும் எண்ணிச் சொல்லிவிடுவேன். "தாத்தா ஊமையா?" என்று நான் கேட்டு, அம்மாவிடம் அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

எம்.ஜி.ஆருக்கு 1967 ஜனவரி 12இல் குண்டு பாய்ந்து குரல் மாறியபோது, அந்தக் குரலையே ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள், முதல்வரும் ஆக்கினார்கள். தாத்தாவுக்கு ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை.

இரண்டு வாரம் முடிந்து பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை வைத்து, 'ஊ' என்று குமிழி விட வேண்டும். நான் குமிழி விட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் பேர் கேட்டார். மெல்லிய குரலில் சொன்னான். தாத்தாவின் குரல்.

"தம்பி, தலையை நிமித்து. 'ஆ'ன்னு இழு, விடாத" என்றபடி அவன் சங்கின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகப் பின்னோக்கி அழுத்தினார். 'ஆ' ஒரு கணம் தடுமாறி, சட்டென்று கீழே இறங்கி, கனமான ஆண் குரலாக அறை முழுக்க நின்றது.

பையன் பேசியது யார் என்று திரும்பிப் பார்த்தான்.